மூன்றாவது நிரல்

எங்கள் பொது அறிவுக் கொப்பியில் 1867 என்ற ஆண்டு இரண்டு இடத்தில் இருந்தது. கண்டிக்கு ரயில் வந்த ஆண்டு எது? 1867. இலங்கையில் வியாபாரத்துக்கென்று முதன்முதலில் தேயிலை நட்ட ஆண்டு எது? அதுவும் 1867. பாடசாலைகளுக்கு இடையிலான போட்டிகளில் இந்த இரண்டு கேள்விகளும் மாறிமாறி வரும். கையைத் தூக்குவோம், பதிலைச் சொல்வோம், புள்ளி விழும். இரண்டுக்கும் ஒரே விடை வருவானேன் என்று எந்த நடுவரும் கேட்டதில்லை.

கேட்டவர் எங்கள் விஞ்ஞான மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் ஓர் அறை எடுத்துத் தங்கிப் படிப்பித்தார். போட்டிக்கு எங்களைத் தயார்படுத்தும் பொறுப்பு அவரிடம் வந்த அன்று கொப்பிகளை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"கேள்வி ஒரு நிரல், விடை ஒரு நிரல். சரி. இன்னொரு நிரல் கீறுங்கோ. அதுக்கு மேல 'ஏன்' எண்டு எழுதுங்கோ. அந்த நிரல் நிரம்பாமல் என்னட்டை ஒருத்தரும் விடை சொல்ல வரவேண்டாம்."

1867க்கு எதிரே நாங்கள் எழுதிய முதல் 'ஏன்' இப்படிப் போனது. 1830களிலிருந்து கண்டியைச் சுற்றிய மலைகளில் காடு வெட்டிக் கோப்பி போட்டார்கள். கோப்பி மூட்டை கொழும்புத் துறைமுகத்துக்கு மாட்டு வண்டியில் போக வேண்டும். மழைக்காலத்தில் வண்டி சேற்றில் புதையும், மாடு விழும், சரக்கு கப்பலைத் தவறவிடும். தோட்டத் துரைமார் ரயில் கேட்டு ஆண்டுக்கணக்காக அரசாங்கத்தை நெருக்கினார்கள். ஆகவே அந்தத் தண்டவாளம் கோப்பிக்காகப் போட்டது. அது கண்டியைத் தொட்ட அதே ஆண்டில், ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு வருடம் கழித்து, 1869இல், கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்தே போனது. கோப்பிக்கென்று வந்த ரயில் தேயிலைப் பெட்டியை ஏற்றிக்கொண்டது. பாதை கம்பளைக்கு 1873இலும், நாவலப்பிட்டிக்கு 1874இலும், நானுஓயாவுக்கு 1885இலும் ஏறியது. பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆனது. இந்த வருடங்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வது எவ்வளவு வேதனை! ஒரு பயிரின் கதையாகக் கேட்டபோது ஒரே தரத்தில் மனதில் நின்றன.

அந்தத் தேயிலைப் பெட்டிகளை நான் அறிவேன். அப்பா கண்டி குட்ஷெட்டில் ஒரு சரக்கு முகவரிடம் கணக்கு எழுதினார். இன்று குட்ஷெட் என்றால் கண்டியில் எல்லோருக்கும் பஸ் நிலையம்தான் நினைவுக்கு வரும். என் சிறுவயதில் அங்கே பலகைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். பெட்டியின் பக்கத்தில் தோட்டத்தின் பெயரும் தேயிலையின் ரகமும் கறுப்பு மையில் அச்சாகியிருக்கும். தோட்டங்களின் பெயர்களை நான் வாசிக்கப் பழகியது அந்தப் பெட்டிகளில்தான்.

கடுகண்ணாவை ஏற்றத்தைக் காட்ட அப்பா என்னை மூன்றாம் வகுப்பில் ரம்புக்கனை வரை கூட்டிப்போய்த் திரும்ப ஏறி வந்தார். ரம்புக்கனையில் ரயில் நீண்ட நேரம் நின்றது. பின்பக்கமும் ஓர் என்ஜின் வந்து மாட்டிக்கொண்டது. முன்னால் இழுக்க ஒன்று, பின்னால் தள்ள ஒன்று. சுமார் 12 மைல் தூரத்தில் 1,400 அடி ஏற வேண்டும். 45 அடி போனால் ஓர் அடி உயரும் கணக்கு. நடந்து போகிறவனுக்கு இது ஏற்றமாகவே தோன்றாது. இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போதுதான் அதன் கொடுமை தெரியும்.

அதை மாஸ்டர் கரும்பலகையில் கணக்காகப் போட்டார். 10 தொன் எடையுள்ள ஒரு சரக்குப் பெட்டியை 45க்கு 1 சாய்வில் ஏற்ற, உராய்வை வெல்லும் இழுவை போக, அதன் எடையில் 45இல் ஒரு பங்கு மேலதிகமாக வேண்டும். அதாவது ஏறத்தாழ 220 கிலோ எடைக்குச் சமமான இழுவை, ஒரு பெட்டிக்கு மட்டும். இருபது பெட்டி கோத்தால் என்ன ஆகும் என்று நாங்களே பெருக்கிப் பார்த்தோம். மழை பெய்து தண்டவாளம் நனைந்தால் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றும். அதற்காகவே என்ஜினில் மணற்பெட்டி. சில்லுக்கு முன்னால் மணல் தூவினால் பிடி கிடைக்கும். பெட்டிகள் கூடக்கூட என்ஜினும் பெரிதாக வேண்டும், ஆனால் பெரிய என்ஜின் மலை வளைவில் திரும்பாது. இந்தச் சிக்கலைத் தீர்க்க 1927இல் மலைநாட்டுப் பாதைக்கு கரட் என்ஜின் வந்தது. நடுவில் ஒரு கொதிகலன், அதற்கு முன்னும் பின்னும் தனித்தனிச் சில்லுத் தொகுதி இரண்டு, மூன்றும் கீல் வைத்ததுபோல் வளையும். இரண்டு என்ஜினின் பலம் ஒரே கொதிகலனில் கிடைத்தது. கண்டிப் பிள்ளைக்கு இயந்திரவியல் படிப்பிக்க இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை என்று இன்றும் நம்புகிறேன். பாடப்புத்தகத்தில் சாய்தளம் என்றொரு படம் இருந்தது. எங்கள் சாய்தளம் புகை கக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தது.

அதே கடுகண்ணாவையில் ரயிலுக்கு மூத்தது ஒன்று இருக்கிறது. வீதியோரம் கலங்கரை விளக்கம்போல் வெள்ளையாக நிற்கும் டோசன் கோபுரம். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டி வீதியை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன், 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் கோபுரம் எழுந்தது. மலையைத் துளைத்துக்கொண்டு வரும் வரை கண்டியை அந்நியர் எவரும் ஆள முடியாது என்று ஒரு பழைய வாக்கு இருந்ததாம். கடுகண்ணாவையில் வீதிக்காகக் குடைந்த பாறையைக் காட்டி ஊரவர்கள் இன்றும் அதைச் சொல்வார்கள்.

மாஸ்டர் எங்களை அங்கே பஸ்ஸில் கூட்டிப்போனார். கோபுரத்தின் கீழே நிறுத்தி, "1832 எண்ட ஆண்டிலை வேறை என்ன நடந்தது எண்டு தேடுங்கோ" என்றார். தேடினோம். கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது 1832. கண்டியின் கடைசி அரசன், மதுரை நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், வேலூரில் சிறைப்பட்ட நிலையில் உயிர்விட்டது 1832 ஜனவரி 30. ராஜகாரியம் என்னும் கட்டாய வேலை முறையைப் பிரிட்டிஷார் ஒழித்ததும் 1832.

கடைசி விடையில் மாஸ்டர் எங்களை நிறுத்திவிட்டார். டோசனின் வீதியைப் போட்ட கைகள் யாருடையவை? ராஜகாரியத்தில் பிடித்து வரப்பட்ட சிங்களக் கிராமத்தவர்களுடையவை. அந்த முறை ஒழிந்தது. கூலிக்குத் தோட்டத்தில் நின்று வேலை செய்ய, நிலமுள்ள கிராமத்தவன் வரவில்லை. துரைமார் கடலுக்கு அப்பால் ஆள் தேடினார்கள்.

அன்றிரவு வீட்டில் அப்பாயியிடம் கேட்டேன், நாம் ஏன் கண்டியில் இருக்கிறோம் என்று. அந்தக் கேள்வி அவரிடம் அதுவரை யாரும் கேட்காதது போலும். கையிலிருந்த வெற்றிலையை மடிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"எங்க மாமியாரோட ஆத்தா காலத்துல கோச்சி ஏது தம்பி? மன்னார்ல எறங்கி, காட்டு வழியா நடந்தே மாத்தளைக்கு வந்தாங்களாம். வழியிலே காய்ச்சல்ல கெடந்தவங்கள அங்கனயே விட்டுட்டு வந்தாங்களாம். யாரையெல்லாம் விட்டாங்கன்னு அவங்க சொல்லவே மாட்டாங்க."

இதை மூன்றாவது நிரலில் எழுதிக்கொண்டு போனேன். மாஸ்டர் வாசித்தார். அன்று வகுப்பில் வேறு எதுவும் படிப்பிக்கவில்லை. ரயில் பாதையின் ஏற்றத்தில் வேலை செய்தவர்களும் மலேரியாவிலும் வாந்திபேதியிலும் கூட்டமாக மடிந்ததைச் சொன்னார். வீதிக்குப் பொறியியலாளர் பெயரில் கோபுரம் உண்டு. பாறை உடைத்தவர்களின் பெயர் எந்தக் கொப்பியிலும் இல்லை. இது அநீதி என்று அன்று பட்டது, இன்றும் அப்படியே படுகிறது.

சில பதிவுகளுக்கு மூன்றாவது நிரல் சுருக்கமாகவே போதும். இலங்கையின் முதல் தமிழ் நாவல் எனப்படும் 'அசன்பேயுடைய கதை' 1885இல் வெளிவந்தது. எழுதியவர் கண்டி வழக்கறிஞர் சித்தி லெப்பை. 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைக் கண்டியிலிருந்து நடத்தியவரும் அவரே. கண்டி வாவியை வெட்டுவித்தவர் முன்சொன்ன கடைசி அரசன். இந்த இரண்டும் எங்கள் ஊர்ப் பெருமைகள்.

பேராதனைப் பாலம் அப்படிச் சுருங்கவில்லை. மகாவலிக்குக் குறுக்கே 1830களின் தொடக்கத்தில், ஆற்றின் நடுவே தூண் ஊன்றாமல், 205 அடி அகலத்தை ஒரே வில்வளைவில் தாண்டிய மரப்பாலம் அங்கே நின்றது. மரம் முதிரை. ஆணியோ இரும்புப் பூட்டோ இல்லாமல் மரத்தோடு மரம் பொருத்திக் கட்டியது. 1905இல் அதை அகற்றி இரும்புப் பாலம் போட்டார்கள். ஏன் ஆணி இல்லை? வெயிலிலும் மழையிலும் மரம் சுருங்கி விரியும், இரும்பு துருப்பிடிக்கும், துளை பெருக்கும், மரம் அந்த இடத்தில் உக்கும் என்று மாஸ்டர் விளக்கினார். பிறகு, இந்த வித்தையை வெள்ளைக்காரன்தான் கண்டிக்குக் கொண்டுவந்தான் என்று எண்ணிவிடாதீர்கள் என்று சொல்லி எங்களை எம்பக்கைக்குக் கூட்டிப்போனார்.

எம்பக்க தேவாலயம் 14ஆம் நூற்றாண்டில், கம்பளை அரசர் மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில் கதிர்காமத் தெய்வத்துக்கு எடுத்தது. அங்கே மேளம் கொட்டும் மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பாருங்கள். 26 கைமரங்கள் ஒரு முனையில் ஒன்றாக வந்து சேர்கின்றன. அத்தனையையும் பிடித்து நிற்பது ஒரே ஒரு மர முளை. 'மடொல் குருப்பாவ' என்பார்கள். அதைக் கண்ட பிறகு தூண்களில் செதுக்கிய அன்னமும் மல்லர்களும் எனக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டன. பக்கத்திலேயே கடலாதெனிய விகாரை. 1344இல் கருங்கல்லில் கட்டியது. கட்டிய சிற்பி தென்னிந்தியாவிலிருந்து வந்த கணேஸ்வராச்சாரி. பௌத்த விகாரைக்குள் நுழைகிறோமா, நம்மூர்க் கோயிலுக்குள்ளா என்று அந்த வாசலில் நின்றால் திகைப்பு வரும்.

மேள மண்டபத்தில் மேளமும் அடித்தார்கள். எங்கள் பாடம் சங்கீதத்துக்குத் தாவியது அங்கேதான். கண்டி நடனத்துக்கு அடிக்கும் கெட்ட பெரவுக்கு ஒரு பக்கம் மாட்டுத் தோல், மறுபக்கம் ஆட்டுத் தோல் அல்லது குரங்குத் தோல். இரண்டு தோலின் தடிப்பும் இறுக்கமும் வேறு, ஆகவே இரண்டு குரல். தவுல என்னும் மேளத்தை ஒரு பக்கம் கோலாலும் மறுபக்கம் கையாலும் அடிப்பார்கள். நம் தவில் வாசிப்பைக் கண்ட பிள்ளைக்கு அது அந்நியமாகத் தோன்றாது. எசல பெரஹராவில் தலதா மாளிகைக்குப் பின்னால் நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி என்று நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் வரும். கதிர்காம ஊர்வலத்தில் காவடி ஆடும். பத்தினி நம் கண்ணகி. தேவாலய விழாவாக இருந்த பெரஹராவில் புத்தரின் தந்தத்தை எழுந்தருளச் செய்தவர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், அவரும் நாயக்க மரபு. இதையெல்லாம் தெருவோரம் பாய் விரித்து உட்கார்ந்து ஒவ்வொரு வருடமும் பார்த்தோம். ஏன் என்று கேட்ட பிறகே அது எங்களுடையதுமாயிற்று.

என் நினைவில் மிகத் தெளிவாக இருப்பது தப்பு மேளம். ஒரு மாசி மாதத்தில் அப்பாயி இருந்த அந்தானைப் பக்கத் தோட்டத்தில் காமன் கூத்து. மாஸ்டரையும் அழைத்திருந்தோம். லயத்துக்கு முன்னால் தீ மூட்டி, தப்புகளைச் சாய்த்துப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் ஒரு பெரியவருக்குப் பக்கத்தில் குந்தினார்.

"ஐயா, ஏன் இவ்வளவு நேரம் காய்ச்சுறியள்?"

"பனி எறங்குதுங்க சார். தோல்ல ஈரம் ஏறுனா தப்பு பேசாது. கொஞ்சம் ஏறக் காஞ்சாலும் கிழிஞ்சிரும்."

அவர் நகத்தால் தோலைச் சுண்டினார். காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். மறுபடி தீயில் காட்டினார். திரும்பச் சுண்டினார். மாஸ்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை கரும்பலகையில் எழுதினார்: தோலின் இழுவிசை 4 மடங்கானால் அதிர்வெண் 2 மடங்காகும். ஈரம் போகத் தோல் சுருங்குகிறது, சட்டம் விடாமல் பிடிப்பதால் இழுவிசை கூடுகிறது, சுருதி ஏறுகிறது. "இந்தச் சமன்பாடு அந்த ஐயாவின்ரை விரலிலை இருக்குது. நீங்கள் அவருக்கு மரியாதை குடுக்கப் படியுங்கோ" என்றார். தப்படிக்கிறவர்களைத் தள்ளி நிறுத்திப் பார்த்த காலம் அது. ஒரு யாழ்ப்பாணத்து ஆசிரியர் கண்டிப் பாடசாலையில் இதைச் சொன்னது சின்ன விஷயம் அல்ல.

அந்த மரியாதை அப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் தழைத்துக்கொண்டிருந்தது. எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'மனமே' நாடகத்தை மேடையேற்றியிருந்தார். தமிழ்க் கூத்திலிருந்து கடற்கரைக் கத்தோலிக்கர் வழியாகச் சிங்களத்துக்குப் போன 'நாடகம' என்னும் வடிவம்தான் அதன் முதுகெலும்பு. அதைக் கண்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' என்று 1960களில் அடுத்தடுத்து வந்தன. விடிய விடிய ஆடும் கூத்தைச் சில மணி நேரத்துக்குள் இறுக்கினார்கள். ஆட்டமும் மத்தளமும் குலையவில்லை. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி அக்கலையை வளர்த்தார்.

பேராதனையில் மாஸ்டர் பெருமையோடு சொன்ன இன்னொரு பெயர் அழகையா துரைராஜா. பொறியியல் பீடத்தில் மண் பொறியியல் படிப்பித்தவர். கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட ஆய்வு, ஈரக் களிமண் பாரத்தின் கீழ் எந்த நிலையில் இளகித் தளர்கிறது என்பதைக் கணக்கில் பிடித்தது. 'கேம் கிளே' என்று உலகெங்கும் பொறியியல் மாணவர்கள் படிக்கும் மாதிரியின் அடித்தளங்களில் அதுவும் ஒன்று. மலைச்சரிவில் ரயில் ஓடும் ஊருக்கு இது புத்தகச் சங்கதி அல்ல. மழைநீர் மண்துகள்களுக்கு இடையே புகுந்து அழுத்தம் கூட்டும்போது துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பலம் குறைகிறது, கரை இறங்குகிறது. பாதையில் மண் சரிந்து ரயில் நின்ற நாட்களை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். துரைராஜா போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். 1994இல் காலமானார்.

நான் வளர்ந்த பிறகு பார்த்தவற்றுக்கும் அந்த நிரலில் இடம் விட்டேன். 1976இல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியாக உக்குவளைக்குத் திருப்பினார்கள். பிறகு விக்டோரியா அணை, 122 மீற்றர் உயரம், 1985இல் திறந்தார்கள். அந்த நீரின் கீழே பழைய தெல்தெனிய நகரம் இருக்கிறது.

இப்போது பொது அறிவுப் புத்தகங்கள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. கேள்வி, விடை, கேள்வி, விடை. பரீட்சைக்கு அது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கண்டியில் வளரும் பிள்ளை 1867ஐப் புத்தகத்தில் படித்துவிட்டு, அந்த ஆண்டின் தண்டவாளத்தைத் தாண்டித் தினமும் பாடசாலைக்குப் போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குரியதை நாம் கொடுக்காமல் வைத்திருக்கிறோம்.

கண்டிப் பக்கத்து ஆசிரியர்களையும் பெற்றோரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கடுகண்ணாவைக்குக் கூட்டிப்போங்கள். நிலையத்தருகே தேசிய ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. இலங்கையில் முதல் ரயில் ஓடி 150 வருடம் நிறைந்த 2014 டிசம்பர் 27இல் திறந்தது. டோசன் கோபுரமும் குடைந்த பாறையும் அருகில்தான். மாலைக்குள் கடலாதெனியாவையும் எம்பக்கையையும் பார்த்துவிடலாம். வீட்டில் பாட்டி இருந்தால் இரவில் அவரிடமும் கேட்கச் சொல்லுங்கள். கொழும்பிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் வலப்பக்க இருக்கையில் அமர வேண்டும், பள்ளத்தாக்கும் பத்தலேகலைப் பாறையும் அந்தப் பக்கந்தான் தெரியும்.